கப்பல் அறையில் யார் எங்கே படுப்பது? முன்பதிவுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டும்போது பெரும்பாலானோர் விலையைப் பார்க்கிறார்கள், ஜன்னல் உண்டா என்று பார்க்கிறார்கள், பால்கனி உண்டா என்று பார்க்கிறார்கள். கட்டில் பற்றிய கேள்வி அறைக் கதவைத் திறந்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் கப்பல் நிரம்பியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களுக்கும், அமெரிக்க, ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து கிளம்புபவற்றுக்கும், 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கிய கார்டிலியா போன்ற கப்பலுக்கும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

‘இரண்டு கீழ்ப் படுக்கைகள், குயின் கட்டிலாக மாற்றலாம்’ என்று போட்டிருக்கிறதே, கிடைப்பது ஒரு கட்டிலா, இரண்டா?

இரண்டு ஒற்றைக் கட்டில்கள். நீங்கள் கேட்டபடி அவை ஒட்டியோ தள்ளியோ போடப்பட்டிருக்கும். சாதாரண அறைகளில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. தம்பதியர் வந்தால் சேர்த்துவிடுவார்கள். அம்மாவும் மகளும் வந்தால், நண்பர்கள் இருவர் வந்தால் பிரித்துவிடுவார்கள். நார்வேஜியன் நிறுவனம் சேர்த்த கட்டிலைக் குயின் என்கிறது, ராயல் கரீபியன் அதையே ‘ராயல் கிங்’ என்கிறது. ராயல் கரீபியனில் சேர்த்த கட்டிலின் அகலம் ஏறத்தாழ 72 அங்குலம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் கிங் மெத்தையின் அகலமும் அதுவே. ஆகவே பெயரைப் பார்த்து ஒரு கப்பலை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பதிவு செய்யும்போதே ‘சேர்த்து’ அல்லது ‘பிரித்து’ என்று குறிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் முந்தைய பயணி விட்டுச் சென்ற நிலையிலேயே கட்டில் இருக்கக்கூடும்.

சேர்த்துப் போட்டால் நடுவில் இடைவெளி தெரியாதா?

தெரியும், ஓரளவு. இரண்டு மெத்தைகள் சேரும் கோட்டின் மேல் விரிப்பு போட்டு மறைத்திருப்பார்கள், ஆனால் நடுவில் படுப்பவருக்கு முதுகில் உணர்வு வரும். அப்பா அம்மா நடுவே குழந்தையைப் படுக்கவைக்கும் பழக்கமுள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குழந்தைக்குக் கிடைப்பது அந்தக் கோடுதான். மேலே போடும் மெல்லிய மெத்தை விரிப்பு இருக்கிறதா என்று அறைப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். பல கப்பல்களில் கட்டணமின்றித் தருவார்கள், கையிருப்பு தீரும் வரை.

எந்தக் கப்பலிலும் கட்டிலைப் பிரித்துப் போட முடியும்தானே?

முடியாது. டிஸ்னி நிறுவனத்தின் ட்ரீம், ஃபேன்டசி கப்பல்களில் இருப்பது பிரிக்க முடியாத ஒரே குயின் கட்டில். தோழிகள் இருவரோ, அண்ணன் தம்பியோ அந்த அறையை எடுத்தால் ஒருவர் கட்டிலிலும் மற்றவர் சோபாவிலும் படுக்க வேண்டிவரும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. கார்னிவல் நிறுவனத்தின் மிக மலிவான உள் அறை (ஜன்னலற்ற அறை) வகை 1ஏ. கீழே ஓர் ஒற்றைக் கட்டில், மேலே சுவரிலிருந்து இறங்கும் ஒரு படுக்கை, அவ்வளவுதான். அதைத் தேனிலவுக்கு எடுத்தவர்கள் இரவில் மேலும் கீழுமாகப் பேசிக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள ஆகக் குறைந்த விலைக்கு அருகே ‘மேல்/கீழ்’ என்ற சொல் இருந்தால் அங்கேயே நின்று படியுங்கள்.

பெரிய சூட் அறைகளிலும் நிலைத்த ஒரே கட்டில் இருப்பது உண்டு. கூடுதல் பணம் கொடுத்தால் எல்லாம் நெகிழும் என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

‘நான்கு பேர் தங்கலாம்’ என்றால் நான்கு கட்டில்கள் இருக்குமா?

நான்கு பேர் படுக்க இடம் இருக்கும். அது கட்டிலாக இருக்க வேண்டும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கீழே உள்ள இரண்டு ஒற்றைக் கட்டில்கள் போக, மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இரண்டு வழிகளில் ஒன்று இருக்கும்.

முதலாவது புல்மேன் படுக்கை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களில் மடக்குப் படுக்கையைப் பரப்பிய ஜார்ஜ் புல்மேனின் பெயர் அது. பகலில் கூரைக்குள்ளோ சுவருக்குள்ளோ மடங்கிக் கிடக்கும். மாலையில் அறைப் பணியாளர் சாவி போட்டு இறக்கி, ஏணியை மாட்டிவிட்டுப் போவார். நம் ரயில்களில் அப்பர் பெர்த் ஏறிப் பழகியவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மெத்தை நன்றாக இருக்கும், ஓரத்தில் தடுப்பும் இருக்கும். தொந்தரவு கீழே படுப்பவருக்குத்தான். பாதி உறக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். இன்னொன்று: சில அறைகளில் இரண்டு மேல் படுக்கைகளும் இரண்டு கீழ்க் கட்டில்களுக்கு நேர் மேலே இறங்கும். அப்போது கீழ்க் கட்டில்களைச் சேர்த்துப் போட முடியாது. தம்பதியர், இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பம் குயின் கட்டிலையும் மேல் படுக்கைகளையும் ஒன்றாக எதிர்பார்த்துப் போய் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது சோபா கட்டில். பால்கனி அறைகளில் இதுவே அதிகம். ஒருவர் படுக்கும் சோபாவும் உண்டு, விரித்தால் இருவர் படுப்பதும் உண்டு. விவரத்தில் ‘சோபா கட்டில்’ என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள். வளர்ந்த பையனுக்கு ஒற்றைச் சோபா நீளம் போதாமல் போகலாம். விரித்த சோபா அறையின் நடைபாதையை விழுங்கிவிடும். குளியலறைக்கு இரவில் போகிறவர் அதைத் தாண்ட வேண்டும், பால்கனிக் கதவும் முழுதாகத் திறக்காமல் போகலாம். சாதாரண உள் அறை 150 முதல் 180 சதுர அடி வரை இருக்கும். பழைய கப்பல்களில் இன்னும் குறைவு. கார்டிலியாவின் எம்ப்ரஸ் 1990இல் கடலுக்கு வந்த கப்பல், அந்தக் காலத்து அறை அளவோடுதான் இன்றும் ஓடுகிறது. அதில் நான்கு பேர் என்றால் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒருவர் உடை மாற்றும்போது மூவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியதுதான். இரண்டு மூன்று நாள் பயணமென்றால் அதுவும் ஒரு கும்மாளம். ஏழு நாள் என்றால் யோசிக்க வேண்டும்.

அறையில் நான்கு படுக்கை இருக்கிறது, ஆனால் மூன்றாவது ஆளைச் சேர்க்க இணையதளம் விடவில்லை. ஏன்?

உயிர்காப்புப் படகுகளின் கணக்கு. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் உருவான கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழிவந்த விதிகள் இன்றும் கப்பல்களைக் கட்டுப்படுத்துகின்றன. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகிலோ மிதவையிலோ இடம் இருக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் அவசரக் காலத்தில் கூடவேண்டிய இடம் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தின் கணக்கு நிரம்பிவிட்டால், உங்கள் அறையில் மேல் படுக்கை காலியாகத் தொங்கினாலும் ஆள் சேர்க்க மாட்டார்கள்.

ஓர் எண்ணிக்கை இதைத் தெளிவாக்கும். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 2,805 அறைகள். அறைக்கு இருவர் என்றால் 5,610 பயணிகள். அதன் உச்ச வரம்பு 7,600. அறைக்குச் சராசரியாக மூன்று பேர்கூட வரவில்லை. நான்கு பேர் அறைகள் எல்லாவற்றையும் நான்கு பேரால் நிரப்ப இடமே இல்லை, முந்திக்கொள்பவருக்குத்தான்.

எனவே ‘இப்போது இருவருக்குப் போட்டுவிட்டு மகனைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற திட்டம் ஆபத்தானது. மகன் வருவது பாதி உறுதி என்றாலும் பெயரைச் சேர்த்துப் பதியுங்கள். எந்தத் தேதிவரை கட்டணமின்றி நீக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் இது இருமடங்கு உண்மை.

தாத்தா பாட்டி, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். எத்தனை அறை எடுப்பது?

ஆறு பேருக்கு ஒரே குடும்ப அறை சில புதிய கப்பல்களில் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம், சீக்கிரம் போய்விடும். பெரும்பாலோருக்கு இரண்டு அறைகள்தான் வழி. அதை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலைப் பட்டியலைப் பார்த்ததும் மனம் ‘பெரியவர்கள் இருவர் ஓர் அறை, நாங்கள் நால்வர் ஓர் அறை’ என்று போகும். மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள் என்பேன். தாத்தா பாட்டி அறையில் பெரிய பேத்தி மேல் படுக்கையிலோ சோபாவிலோ படுக்கட்டும். இரண்டு அறையிலும் நடக்க இடம் இருக்கும், இரண்டு குளியலறையும் மூவருக்கு மூவர் என்று ஓடும். எழுபது வயதுக்காரருக்கு இரவில் உதவிக்கு ஓர் ஆளும் கிடைக்கும்.

வயதானவர்களை எக்காரணம் கொண்டும் மேல் படுக்கைக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் சிரித்துக்கொண்டே ‘நான் ஏறிக்கொள்கிறேன்’ என்பார்கள். கப்பல் ஆடும் இரவில், செங்குத்தான ஏணியில், இருட்டில், குளியலறைக்கு இறங்க வேண்டியது யார் என்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவருக்குத் தாழ்ந்த சோபா கட்டிலும் சரிவராது. கீழ்க் கட்டில் அவர்களுக்கே.

நான்கு பேர் குடும்பமாக இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பால்கனி அறையில் நால்வர் என்ற விலையும், ஜன்னலற்ற உள் அறைகள் இரண்டின் விலையும் சில பயணங்களில் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று விளம்பரம் செய்வார்கள். துறைமுக வரியும் பணியாளர் அன்பளிப்புத் தொகையும் ஆளுக்கு ஆள் முழுதாகவே வரும். கடலைப் பார்க்கக் கப்பலின் மேல்தளம் முழுவதும் இருக்கிறது. தூங்கவும் குளிக்கவும் இடம் வேண்டுமென்றால் என் ஓட்டு இரண்டு உள் அறைகளுக்கு.

இரண்டு அறை எடுத்தால் பிள்ளைகளைத் தனி அறையில் விடலாமா?

பல நிறுவனங்கள் ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் பதிவாகியிருக்க வேண்டும் என்கின்றன. வயது வரம்பு புறப்படும் துறைமுகத்தைப் பொறுத்தது: ராயல் கரீபியனில் வட அமெரிக்கப் பயணங்களுக்கு 21, ஆசியப் பயணங்களுக்கு 18. பெற்றோர் அறையை ஒட்டியோ எதிரிலோ இருந்தால் பிள்ளைகளின் அறைக்கு விலக்குத் தருவார்கள்.

அடுத்தடுத்த அறைக்கும் இணைப்பு அறைக்கும் வேறுபாடு உண்டு. இணைப்பு அறைகளுக்கு இடையே உள்ளே ஒரு கதவு இருக்கும்; இரவில் நடைவழிக்கு வராமல் போய் வரலாம். ஆனால் அந்தக் கதவின் வழியே சத்தமும் வரும். உங்கள் குடும்பத்தார் இல்லாத பக்கம் இணைப்புக் கதவு இருந்தால் அந்த அறையைத் தவிருங்கள், பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதும் காதில் விழும். பால்கனி அறைகள் அடுத்தடுத்து இருந்தால் நடுத் தடுப்பைத் திறந்துவிடும் வசதி சில கப்பல்களில் உண்டு.

கைக்குழந்தைக்குத் தனி இடம் தருவார்களா?

மடக்குத் தொட்டில் தருவார்கள், பெரும்பாலும் இலவசமாக. எண்ணிக்கை குறைவு என்பதால் பதிவு செய்த அன்றே கேட்க வேண்டும். குழந்தை தொட்டிலில் படுத்தாலும் ஓர் ஆளாகவே கணக்கு. மூவர் அறையில் பெற்றோர், பெரிய பிள்ளை, கைக்குழந்தை என்று நான்கு பேர் போக முடியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

தூளி கட்டலாமா என்று பாட்டிமார் கேட்பதுண்டு. வேண்டாம். அறைக் கூரையில் எடை தாங்கும் கொக்கி கிடையாது, மடக்குப் படுக்கையின் கம்பியில் கட்டுவது அதைவிட மோசம். மேல் படுக்கை ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஏற்றதல்ல.

‘கேரண்டி’ அறை மலிவாக இருக்கிறதே, எடுக்கலாமா?

நீங்கள் வகையை மட்டும் தேர்வு செய்வீர்கள், அறை எண்ணை நிறுவனம் பின்னர் தரும். உறுதி செய்யப்படுவது வகை மட்டுமே. கட்டில் எப்படி இருக்கும், எந்தத் தளம், இரண்டு அறைகள் அருகருகே வருமா என்பதற்கெல்லாம் உறுதி இல்லை. எந்தக் கட்டிலிலும் தூங்கிவிடும் தம்பதிக்கு நல்ல பேரம். முதியவர், தொட்டில், சக்கர நாற்காலி, இரண்டு அறைக் குடும்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள்.

தனியாகப் போகிறேன். ஒரு கட்டில் போதும், ஏன் இருவர் விலை?

கப்பல் விலைகள் அறைக்கு இருவர் என்ற அடிப்படையில் போடப்படுகின்றன. தனி ஆள் பெரும்பாலும் இரட்டைக் கட்டணம் கட்ட நேரும். 2010இல் வந்த நார்வேஜியன் எபிக் கப்பல் ஒருவருக்கென்றே 128 சிறிய ஸ்டூடியோ அறைகளை வைத்தது, சுமார் 100 சதுர அடி. பிறகு வேறு நிறுவனங்களும் பின்பற்றின. சாதாரண அறையே கிடைத்தால் இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கால் நீட்டிக்கொள்ளுங்கள், பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

பால்கனி அறையில் கட்டில் எந்தப் பக்கம் இருக்கும்?

ஒரே வகை அறைகளிலேயே மாறும். ஓர் அறையில் கட்டில் பால்கனியை ஒட்டி இருக்கும், அடுத்ததில் அலமாரியையும் குளியலறையையும் ஒட்டி இருக்கும். பல கப்பல்களில் இப்படி மாறி மாறி வருகின்றன. கண் விழித்ததும் கடல் தெரிய வேண்டுமென்றால் முதல் வகை. சீக்கிரம் தூங்குபவரும் நேரம் கழித்து உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து போனால் இரண்டாவது வகை: ஒருவர் உள்ளே தூங்க, மற்றவர் சோபாவிலிருந்து பால்கனிக்குப் போய் வரலாம். அறை எண்ணைக் குறிப்பிட்டுத் தேடினால் பயணிகள் எடுத்த காணொளிகள் அகப்படும். நிறுவனத்தின் படம் அகலக் கோண லென்ஸில் எடுத்தது, அதை நம்பி அளவு போடாதீர்கள்.

தள வரைபடத்தில் உள்ள முக்கோணம், நட்சத்திரம், கூட்டல் குறி எல்லாம் என்ன?

மூன்றாவது படுக்கை, நான்காவது படுக்கை, சோபா கட்டில், இணைப்புக் கதவு, சக்கர நாற்காலி அறை ஆகியவற்றின் அடையாளங்கள். எந்தக் குறிக்கு எது பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில நேரம் ஒரே நிறுவனத்தின் கப்பலுக்குக் கப்பலும் மாறும். வரைபடத்தின் ஓரத்தில் உள்ள விளக்கத்தைப் படிக்காமல் ஊகிக்க வேண்டாம். அங்கேயே மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும்.

கடல் மயக்கம் உண்டு. கட்டிலின் திசைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா?

ஓரளவு. கப்பல் பக்கவாட்டில் உருளும்போது, கப்பலின் நீளவாக்கில் படுத்திருப்பவர் இடமும் வலமுமாகப் புரள்வார். குறுக்குவாக்கில் படுத்திருப்பவருக்குத் தலையும் காலும் மாறி மாறி உயரும். எது தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது. திசையைவிட இடம் முக்கியம்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. மேல் படுக்கையைத் தவிர்த்துவிடுங்கள், குமட்டலோடு ஏணி இறங்குவது கொடுமை.

தூக்கத்தில் சுவாசக் கருவி பயன்படுத்துபவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் என்ன ஏற்பாடு?

சுவாசக் கருவிக்குக் கட்டிலருகே மின் இணைப்பு இல்லாமல் போகலாம். நீட்டிப்புக் கம்பியும் காய்ச்சி வடித்த நீரும் வேண்டும் என்று பல வாரங்களுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதுங்கள். மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள பவர் ஸ்ட்ரிப்பை வீட்டிலிருந்து கொண்டுபோனால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

சக்கர நாற்காலி அறைகளில் கதவு அகலமாக இருக்கும், நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் விட்டிருப்பார்கள். கட்டில்களைப் பிரித்துப் போட்டால் அந்த வட்டம் சுருங்கும். பிரிப்பதா, சேர்ப்பதா, கட்டிலின் உயரம் எவ்வளவு என்பதை முன்பே பேசி முடியுங்கள்.

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் எதைக் கேட்பது?

‘மூன்றாவது ஆள் எதில் படுப்பார், நான்காவது ஆள் எதில் படுப்பார்?’ இந்த ஒரு கேள்வியை அறை எண்ணோடு சேர்த்துக் கேளுங்கள். ‘நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம் சார்’ என்பது பதில் ஆகாது. கீழ்க் கட்டில் இரண்டு, மேல் படுக்கை ஒன்று, ஒற்றைச் சோபா ஒன்று என்று சொல்ல வேண்டும். மேல் படுக்கை இறங்கிய பிறகும் கீழ்க் கட்டில்கள் சேர்ந்திருக்குமா என்றும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்தும் தாளில் கட்டில் விருப்பம் ‘கோரிக்கை’ என்று மட்டுமே அச்சாகியிருந்தால் அது கோரிக்கைதான், கப்பல் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

ஏறிய பிறகு மாற்றித் தருவார்களா?

கட்டிலைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அறைப் பணியாளருக்குச் சில நிமிட வேலை. ஏறிய மதியமே சொல்லுங்கள், இரவுச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது முடிந்திருக்கும். பல நிறுவனங்களில் இப்போது அறைச் சுத்தம் நாளுக்கு ஒரு முறைதான், அதனால் மேல் படுக்கையைப் பகலிலும் இறக்கியே வைக்கச் சொன்னால் மதியம் தூங்கும் பிள்ளைக்கு உதவும். வேறு அறைக்கு மாறுவது வேறு கதை. அதற்கு வரவேற்பு மேசைக்குப் போக வேண்டும். காலி அறை இருந்தால், பெரும்பாலும் கப்பல் கிளம்பி, வராத பயணிகளின் கணக்கு முடிந்த பிறகு, விலை வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு தருவார்கள்.